இருபத்திரண்டு நடக்கிறது

அந்தக் காலத்து அரசாங்கப் படிவங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். இலங்கைப் பிரசையா? ஆம் எனில் வம்சாவழியாலா, பதிவாலா? என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘வம்சாவழி’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் அந்த இடத்தில் பேனையைத் தூக்கிவிடுவேன். நான் பிறந்தது மலாயாவில்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒழுங்கைக்கு ஒரு மலாயா பென்சன்காரர் வீடு இருந்தது. இளமையில் கப்பலேறி ரயில்வேயிலும் தபால் கந்தோரிலும் எழுதுவினைஞர்களாக வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு திரும்பி வந்து புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் பெரிய யன்னல் வைத்து வீடு கட்டியவர்கள். என் அப்பாவும் அப்படி ஒருவர். ரயில்வேயில் முப்பது வருடம் எழுதியே தேய்ந்த கை அவருடையது. ஊருக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. மலாயாவில் எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு சிவப்புச் சீமெந்துப் படிக்கட்டும் பிற்பகல் மழையும்தான்.

அப்பா எதையும் பதிவு செய்யாமல் விடமாட்டார். வீட்டுப் பசு கன்று போட்டால்கூடத் திகதி எழுதி வைப்பார். அந்தப் பழக்கம்தான் என்னை இலங்கைப் பிரசை ஆக்கியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் நம் நாட்டுத் தூதரகத்தில் பதிந்தால்தான் அந்தப் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை. அப்பா என்னைப் பதிந்தது நான் பிறந்து பதினெட்டாம் நாள். மலாயா மண்ணில் பிறந்ததால் நான் அந்த நாட்டுக்கும் பிரசையாகியிருந்தேன். அதற்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, பிறந்ததே போதும்.

இரண்டு நாடு என்றதும் கேட்பவர்களுக்குப் பெரிய சொத்துப் போலத் தோன்றும். அதில் ஒரு முள் இருந்தது. இரண்டையும் கடைசிவரை வைத்திருக்க இலங்கைச் சட்டம் விடாது. இருபத்திரண்டு வயதுக்குள் மற்ற நாட்டைக் கைவிட்டதாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் யாரும் வந்து பறிக்கமாட்டார்கள், வழக்கு வைக்கமாட்டார்கள். அந்த வயது தாண்டியதும் இலங்கை தானாகவே நம்மை விட்டுப் போய்விடும். என் அண்ணைக்கு அப்படித்தான் நடந்தது. படித்து முடித்ததும் வேலை தேடி, அப்போது மலேசியா ஆகிவிட்டிருந்த மலாயாவுக்குத் திரும்பிப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். ஒரு பிறந்தநாளுக்கு அடுத்த நாள் காலையில் எழும்பி வேலைக்குப் போனார், அன்றோடு அவர் இலங்கையர் இல்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

அப்பா எண்பத்திரண்டாம் ஆண்டு செத்துப்போனார். அடுத்த வருடம் ஆடி மாதத்தில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் எங்கள் ஆட்களை அடித்தும் எரித்தும் துரத்தினார்கள். அகதிகளாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் நிறைந்தார்கள். நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியை. அந்த வருடக் கடைசியில்தான் நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. வழக்கமான கேள்வி வந்த இடத்தில் வழக்கம்போலப் பேனையைத் தூக்கிவிட்டு, அப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தேன்.

என் பெயர் போட்ட கோவை ஒன்று இருந்தது. பிறப்புப் பத்திரம் இரண்டு, தூதரகப் பதிவுத் துண்டு. கோவையின் மட்டையில் அப்பாவின் சரிவான எழுத்து: ‘இரண்டும் வைத்திருக்க முடியாது. வயது 22. அதற்கு முன் மலேசியாவை விட வேண்டும். பிந்தினால் இலங்கை இல்லை.’

ஆனி மாதம் என் பிறந்தநாள் வந்து போய்விட்டது. எனக்கு இருபத்திரண்டு. அப்பா இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்க் கையெழுத்து வைப்பித்திருப்பார். அந்த ஆனியில் நான் பிறந்தநாளுக்குப் பாயசம் குடித்தேன், வேறொன்றும் செய்யவில்லை. நான் பிறந்த நாட்டின் தலைநகரம் எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாத நான், என் சொந்த வீட்டு அடுப்படியில் நின்றபடி வெளிநாட்டுக்காரி ஆகியிருந்தேன்.

அம்மாவிடம் மட்டையைக் காட்டினேன். அம்மா வாசித்தார். வாசித்துவிட்டு வெகுநேரம் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப அண்ணையிட்டைப் போ பிள்ளை,” என்றார்.

அவ்வளவுதான். ஒரு ஐயோ இல்லை, அப்பாவை நினைத்து ஒரு அழுகை இல்லை. எனக்கு அது அதிசயமாகவும் கொஞ்சம் ஆத்திரமாகவும் இருந்தது. ஒற்றை மகளை அனுப்பிவிட்டு இந்த மனுசி தனியே என்ன செய்யப்போகிறது என்று கேட்டேன். “எனக்கென்ன, நான் இருப்பன்,” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார். அண்ணைக்கு எழுதினேன். பதில் பறந்து வந்தது. ‘நல்லதாய்ப் போச்சு. அந்த நாடு இனி உனக்கு இல்லை. இங்கே அறை ஒழுங்கு செய்துவிட்டேன். பாஸ்போட்டுக்கு எழுதிப் போடு.’

நியமனப் படிவத்தை நான் நிரப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வாரம் இரண்டு நாள்தான் போனேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தி எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவின் மகள் வேறெப்படி இருப்பாள்? மாசி மாதத்தில், மலேசியாவுக்குப் புறப்படும்வரை இந்த நாட்டில் தங்கியிருக்க எனக்கு விசா தேவையா என்று விசாரிக்க யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, பஸ் ஏறினேன். இந்தக் கூத்தைக் கேட்டால் இப்போதும் என் மாணவிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அங்கே மேசையில் இருந்தவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். குருநகர்ப் பக்கத்துப் பேச்சு, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு பேனையை வைத்தாள்.

“சண்டிலிப்பாயிலை இருக்க விசா கேட்டு வந்திருக்கிறீரோ?”

“ஓம் மிஸ்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து போய், அலுமாரியில் இருந்து தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நின்றபடியே புரட்டினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

“உமக்கு என்ன வயது?”

“இருபத்திரண்டு.”

“பிறந்த திகதியைச் சொல்லும்.”

சொன்னேன். அறுபத்திரண்டாம் ஆண்டு, ஆனி. அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கழித்தாள். என்னைப் பார்த்தாள். மீண்டும் கழித்தாள்.

“இப்ப எண்பத்துநாலு மாசி. உமக்கு இருபத்தொண்டுதானே?”

“இருபத்தொண்டு முடிஞ்சு, இருபத்திரண்டு நடக்குது மிஸ்.”

“நடக்கிறதை எங்கடை வீடுகளிலை எண்ணுவினம். சட்டம் முடிஞ்சதைத்தான் எண்ணும். இஞ்சை பாரும், இருபத்திரண்டு முடியிற நாளுக்கு அடுத்த நாள்தான் உமக்கு இல்லாமல் போகும். இன்னும் நாலு மாசம் கிடக்கு.”

எங்கள் ஊரில் யார் வயது கேட்டாலும் நடக்கிற வயதைத்தான் சொல்வோம். பிறந்தநாள் முடிந்த மறுநிமிடமே அடுத்ததற்கு ஏறிவிடுவோம். சாதகக்காரர், கலியாணத் தரகர், செத்தவீட்டு நோட்டீஸ் எல்லாம் அந்தக் கணக்குத்தான். பிறந்த நாள் முதல் அந்தக் கணக்கில் வளர்ந்தவளுக்கு வேறு கணக்கு இருக்கும் என்ற யோசனையே வரவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது கணக்கு.

அந்த மேசைக்கு முன்னால் நின்று ஓவென்று அழுதேன். முணுமுணுத்த வரிசை அடங்கிவிட்டது. அவள் தன் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். நான் குடித்து முடிப்பதற்குள், எங்கே போக வேண்டும், எதை எதைக் கொண்டுபோக வேண்டும், திரும்பி வந்து யாருக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்று ஒரு தாளில் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். அது அவளுடைய வேலையே இல்லை என்று பின்னால் அறிந்தேன். அவள் செய்ய வேண்டியிருந்தது, என்னை வேறொரு கந்தோருக்குப் போகச் சொல்வது மட்டும்தான். அவளை நினைக்காமல் எனக்கு ஒரு ஆனி மாதமும் போனதில்லை.

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். படலையிலேயே கத்தினேன். “அம்மா, முடியேல்லை! இன்னும் நாலு மாசம் இருக்கு!”

அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“உனக்கு வாற ஆனி வரைக்கும் காலம் இருக்கெண்டு. கொப்பர் உன்னைப் பதிஞ்சுபோட்டு வந்த அண்டைக்கே எனக்கு விரல் விட்டுச் சொன்னவர்.”

“தெரிஞ்சுகொண்டே சொல்லாமல் இருந்தனீங்களோ?”

“ஓம். சொன்னா நீ போகமாட்டாய். கொழும்பிலை நடந்ததைப் பார்த்தனிதானே. இஞ்சையும் வராதெண்டு ஆர் கண்டது? நீ எங்கையெண்டாலும் உயிரோடை இருக்கவேணும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதக் கூசுகிறது. என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். பெற்ற தாய் செய்கிற வேலையா என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அன்று சாப்பிடவும் இல்லை. அம்மா திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை, மற்ற நேரம் கோபம் வந்தால் சந்தையில் பழகிய மலாய் மொழியில் பொரிந்து தள்ளுகிறவர். அடுத்த நாள் காலை நான் எழும்பியபோது, என் சேலையும் அவருடைய வெள்ளைச் சேலையும் மினுக்கி மடித்துக் கதிரையில் இருந்தன.

“கொழும்புக்கு நீ தனியப் போகேலாது. நானும் வாறன்,” என்றார்.

தான் விரும்பாத ஒரு காரியத்துக்குத் துணையாக வர எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ரயிலில் கொழும்பு நெருங்கியதும் கழிப்பறைக்குப் போய்ப் பொட்டை அழித்துவிட்டு வந்தேன். கோட்டையில் இறங்கி பஸ்ஸில் ஏறியதும் அம்மா என் காதில், “இனித் தமிழிலை கதைக்காதை,” என்றார். பிறகு உரத்த குரலில் மலாயில், “சுடா மாக்கான்?” என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மலாய் பத்துச் சொல். “பெலும்,” என்றேன், இன்னும் இல்லை. இரண்டு நிமிடம் பொறுத்து மீண்டும் “சுடா மாக்கான்?” மீண்டும் “பெலும்.” சாப்பிட்டாயா, இல்லை, சாப்பிட்டாயா, இல்லை என்று பஸ் முழுவதும் கேட்க அவ்வளவு தூரமும் போனோம். எங்களைக் கொழும்பு மலாய்க்காரர் என்று நினைத்தார்களோ, பைத்தியங்கள் என்று நினைத்தார்களோ, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த நாட்டைக் கைவிடப் போனேனோ, அந்த நாட்டின் மொழிதான் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மலேசியத் தூதரகத்தில் இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர், மெல்லிய குரல். என் பத்திரங்களைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

“இந்த நேரத்திலா, மிஸ்? இந்த வருடம் இந்த வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே விடச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நீங்கள் வெளியே விடச் சொல்கிறீர்கள்.”

என் பள்ளிக்கூடத்தைச் சொல்லலாம் என்றால் அது சம்பளம் இல்லாத வேலை. அம்மாவைச் சொல்லலாம் என்றால் அம்மாவே போகச் சொல்கிறவர். “நான் இங்கேதான் இருக்கிறேன்,” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். எங்கள் சட்டப்படி இருபத்தொன்று முடியாமல் ஒருவர் குடியுரிமையைக் கைவிட முடியாது என்றார். போன ஆனிக்கு முன்பு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம், வருகிற ஆனிக்குப் பிறகு வந்தால் உங்கள் நாட்டில் பலனில்லை. வாழ்க்கையில் இந்த ஒரே ஒரு வருடம்தான் உங்களுக்கு, என்றார்.

அந்த வருடத்தைத்தான் நான் முடிந்துபோனது என்று அழுதுகொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் ‘இருபத்திரண்டு நடக்குது’ என்று சொல்கிற அதே பன்னிரண்டு மாதம்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொன்னார், யோசிப்பதற்காக. நாங்கள் வாசல் மரத்தடியில் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். திரும்பிப் போய்க் கையெழுத்து வைத்தேன். “இது கோலாலம்பூரில் பதிவானால்தான் செல்லும். அதுவரை நீங்கள் எங்கள் பிள்ளைதான்,” என்றார் அந்த மனிதர். என்னைப் பெற்ற மண் என்னை விட்ட விதம் அது. ஒரு கடுஞ்சொல் இல்லை. வாசல்வரை வந்து அம்மாவைக் கும்பிட்டு அனுப்பினார்.

பிறகு காத்திருப்பு. பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது. கோலாலம்பூரிலிருந்து கடிதம் இல்லை. பதிவு பிந்தினால் நான் விட்ட நாடும் இருக்காது, விடாத நாடும் இருக்காது என்று பயந்தேன். அண்ணைக்கு எழுதவும் கை வரவில்லை, அறை ஒழுங்கு செய்த மனிதருக்கு என்ன முகத்தோடு எழுதுவது? எனக்குத் தெரியாமல் அம்மா எழுதியிருக்கிறார். பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் தபால்காரர் பெரிய உறை ஒன்று கொண்டுவந்தார். பதிவுப் பத்திரத்தோடு அண்ணையின் துண்டு ஒன்றும் இருந்தது. ‘உன்ரை பேப்பர் ஒரு மேசையிலை படுத்துக் கிடந்தது. ஆறு தரம் லீவு போட்டுப் போய் எழுப்பி அனுப்பியிருக்கிறன். நீ ஒரு விசரி. கவனமாய் இரு.’

என்னைத் தன்னிடம் கூப்பிட்டவரே, நான் வராமல் இருப்பதற்கான தாளைத் தேடி ஆறு தரம் அலைந்திருக்கிறார். அந்தத் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன். கச்சேரிக்காரி எழுதித் தந்த முகவரிக்கு அன்றே பதிவுத் தபாலில் அறிவித்தேன். அடுத்த வருடம் நியமனம் கிடைத்தது. படிவத்தில் ‘வம்சாவழி’ என்று எழுதிய இடத்தில் பேனை கொஞ்சம் அழுந்திவிட்டது.

எண்பத்தேழில் சட்டத்தை மாற்றினார்கள். வேறு நாட்டுப் பிரசையானவர்களும் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இலங்கையையும் சேர்த்து வைத்திருக்கலாமாம். பத்திரிகையில் வாசித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணைக்கு எழுதினேன். இங்கே விட்டாலும் அங்கே விடமாட்டார்கள், மலேசியா இரண்டு நாட்டை ஒப்புக்கொள்ளாது என்று பதில் போட்டார். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம். சில நாடுகள் தாராளம், சில நாடுகள் தனக்கு மட்டும் என்று பிடிக்கிற புருசன் போல. எனக்கு வாய்த்த இரண்டும் கடைசியில் கண்ணியமாகவே நடந்தன என்று நான் சொல்வேன்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நான் செய்தது சரியா என்று கேட்டுக்கொள்ளாத நாள் குறைவு. அம்மா பயந்தது எல்லாம் வந்தது. குண்டு வந்தது, பங்கர் வந்தது, மண்ணெண்ணெய் விளக்கில் வகுப்பு எடுக்கிற காலம் வந்தது. வேலி கடந்து செல் விழுந்து வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் அம்மா என்னைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு, நடக்கிற கணக்கில். கால் வீங்கி ஒரு கோயில் தூரம்கூட நடக்கமாட்டார். அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, முன்னால் ஹாண்டிலில் இரண்டு பைகளைக் கொழுவி, மழையில் தள்ளிக்கொண்டு போனேன். விடிந்து வெளிச்சம் வந்தபோது நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் தூரம் கிடந்தது. சனம் ஒரு அடி நகரும், நிற்கும். றோட்டோரத்து வீடுகளின் வாசல்களில் சில வயோதிபர்கள் சும்மா இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள். அம்மா அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை.”

“என்னம்மா?”

“அண்டைக்கு நீ கொழும்பிலை கையெழுத்து வையாமல் விட்டிருந்தா, இண்டைக்கு அண்ணையோடை நல்லாய் இருந்திருப்பாய். இந்த மழையும் சேறும் உனக்கு என்ன தலைவிதி?”

“நான் அங்கை இருந்திருந்தா, நீங்கள் இண்டைக்கு எங்கை இருந்திருப்பியள்?”

இதுகூடத் தெரியாதா என்பது போல அம்மா சொன்னார்.

“நான் வீட்டு வாசலிலைதான் இருந்திருப்பன்.”

முன்னால் நின்ற மாட்டு வண்டி அசைந்தது. அம்மாவின் கையை எடுத்துச் சீற்றைப் பிடிக்க வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளினேன்.